எஸ்டேட் பங்களாவில் கிடைத்த ரெட்டினாவும் பழைய கேமராக்களின் கைவேலையும்

கேத்திக்காரன் | ஜூன் 14, இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். குன்னூர்ப் பக்கம் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தார்கள். கால் உடைந்த நாற்காலி, துருப்பிடித்த தூண்டில், பூச்சி அரித்த புத்தகங்கள், இவற்றோடு ஒரு பழுப்புத் தோல் உறையும் வந்தது. "உனக்குத்தானே இந்தக் கிறுக்கு" என்று நண்பர் என் கையில் திணித்துவிட்டார். உள்ளே கோடக் ரெட்டினா த்ரீ சி.

கோடக் என்றதும் அமெரிக்கச் சரக்கு என்று நினைத்தேன். பார்த்தால் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் செய்தது. ஆகஸ்ட் நாகல் என்பவரின் தொழிற்சாலையைக் கோடக் வாங்கி, 1934ல் முதல் ரெட்டினாவை அங்கேதான் போட்டிருக்கிறார்கள். இன்றைக்கும் 35 மி.மீ. ஃபிலிம் அடைத்து வருகிற அந்தச் சிறு டப்பி முதலில் வந்ததும் அந்தக் கேமராவோடுதான். என்னுடையது 1954ல் வந்த மாடல்.

மூடியிருந்தால் கேமரா என்றே தெரியாது. ஓரமெல்லாம் வழவழப்பாக உருண்டு, பாக்கெட்டில் போடலாம் போல இருக்கிறது. முன்கதவைத் திறந்தால் கதவோடு சேர்ந்து லென்ஸும் முன்னால் நகர்ந்து 'டக்' என்று நிற்கிறது. அந்த 'டக்' இருக்கிறதே, அதற்காகவே இருபது தடவை திறந்து மூடினேன். வீட்டில் திட்டு விழுந்தது. நீட்டிய லென்ஸை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். மயிரிழை அளவுகூட அசையவில்லை. மடங்குகிற சாமான் எழுபது வருஷம் கழித்து இப்படி நிற்கிறது. என் வீட்டு மடக்கு மேசை வாங்கி இரண்டு வருஷத்தில் ஆடுகிறது.

சரி, இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். ஃபிலிம் நகர்த்தும் லீவர் (இதில் அடிப்பக்கம் இருக்கிறது) ஒரு இடத்தில் நின்றுவிட்டது. அசையவே இல்லை. கொஞ்சம் அழுத்தி இழுக்கலாமா, இல்லை மேல்மூடியைக் கழற்றலாமா? ஸ்க்ரூடிரைவர் செட் பக்கத்திலேயே இருக்கிறது.

வாட்ச்கடை_மகன் | ஜூன் 14, இரவு 9:20

ஸ்க்ரூடிரைவரைக் கீழே வையுங்கள். இழுக்கவும் வேண்டாம். மேலே படம் எண்ணும் வட்டத்தில் இப்போது என்ன எண் காட்டுகிறது?

கேத்திக்காரன் | ஜூன் 14, இரவு 9:23

1. ஏன்?

வாட்ச்கடை_மகன் | ஜூன் 14, இரவு 9:41

நினைத்தேன். உங்கள் கேமராவுக்கு ஒன்றுமில்லை. இது மேலே எண்ணாது, கீழே எண்ணும். ஃபிலிம் போட்டதும் நாம் 36ல் வைக்க வேண்டும், அதன் பிறகு அது இறங்கிக்கொண்டே வரும். 1க்கு வந்ததும் 'ரோல் முடிந்தது, போதும்' என்று லீவரைத் தானே பூட்டிக்கொள்ளும். பின்பக்கம் மேலே ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதை அழுத்திக்கொண்டு பக்கத்திலுள்ள தள்ளுவிசையைத் தள்ளித் தள்ளி எண்ணை ஏற்றுங்கள். லீவர் விட்டுவிடும்.

இது தெரியாமல் இழுத்து உடைத்த ரெட்டினாக்களை எங்கள் கடையிலேயே நாலைந்து பார்த்திருக்கிறேன். உள்ளே லீவருக்கும் ஷட்டருக்கும் (ஒளியை ஒரு கணம் உள்ளே விட்டு மூடும் கதவு) நடுவே பல் வெட்டிய சின்ன உலோகச் சட்டம் ஒன்று முன்னும் பின்னும் ஓடும். ஒரு பல்சக்கரம் அதைத் தள்ளும். நம் மலை ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம் இருக்கிறதே, இஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறதே, அதே தத்துவம். அங்கே பன்னிரண்டுக்கு ஒன்று ஏற்றத்தில் பெட்டிகளைத் தள்ளுகிறது. இங்கே ஒரு ஷட்டரின் ஸ்பிரிங்கை இழுக்கிறது. வித்தியாசம், ரயிலின் பல் உங்கள் கட்டைவிரல் தடிமன். இது எள் அளவு. முரட்டு இழுப்பு இழுத்தால் பல் போய்விடும்.

இன்னொன்று: மூடுவதற்கு முன் ஃபோகஸை முடிவிலிக் குறியில் வையுங்கள். இல்லாவிட்டால் கதவு மூடாது. மூடாததை அமுக்கக் கூடாது. இந்தக் காலத்துக் கேமராக்களிடம் பொதுவாகவே ஒரு விதி உண்டு: மறுத்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

கேத்திக்காரன் | ஜூன் 14, இரவு 9:58

விட்டுவிட்டது!! சார், நீங்கள் தெய்வம்.

சும்மா_கேக்கறேன் | ஜூன் 14, இரவு 10:30

வித்தால் எவ்வளவு போகும்?

கேத்திக்காரன் | ஜூன் 14, இரவு 10:31

விற்கவில்லை.

லவ்டேல்_டீச்சர் | ஜூன் 15, காலை 6:50

ரெட்டினா த்ரீ சி நானும் வைத்திருந்தேன். ஒரு குறை சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஷட்டர் வேகத்தையும் அபர்ச்சரையும் (ஒளி நுழையும் துளையின் அளவு) ஒன்றோடு ஒன்று பூட்டி வைத்திருக்கிறார்கள் பாருங்கள், ஒன்றைத் திருப்பினால் மற்றதும் கூடவே வரும். புத்திசாலித்தனம் என்று நினைத்துச் செய்த எரிச்சல். கொடுத்துவிட்டேன்.

எனக்கு வேலைப்பாடு என்றால் ரோலைஃப்ளெக்ஸ்தான். ஊட்டியில் ஒரு ஸ்டுடியோவை மூடியபோது வாங்கியது, 3.5 எஃப். இரண்டு லென்ஸ் ஒன்றின்மேல் ஒன்று. மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும். ஆரம்பத்தில் தலை சுற்றும்.

அதில் ஃபிலிம் போடும் இடத்தில் ஒரு விஷயம் இருக்கிறது. 120 ஃபிலிமுக்குப் பின்னால் கறுப்புக் காகிதம் ஒட்டி வரும் அல்லவா? சாதாரணக் கேமராவில் பின்புறச் சிவப்பு ஜன்னல் வழியாகக் காகிதத்தில் அச்சடித்த எண்ணைப் பார்த்துப் பார்த்துத் திருப்ப வேண்டும். இதில் காகிதத்தை இரண்டு உருளைகளுக்கு நடுவே செருகிவிட்டு மூடி, கைப்பிடியைச் சுற்றினால் போதும். முதலில் வெறும் காகிதம் ஓடும். ஃபிலிம் ஒட்டியிருக்கும் இடம் வந்ததும் தடிமன் கொஞ்சம் கூடும். அந்த உருளைகள் அந்தக் கொஞ்சத்தை உணர்ந்து, எண்ணியை இயக்கி, முதல் படத்தில் சரியாக நிறுத்தும். மின்சாரம் கிடையாது, பேட்டரி கிடையாது. தோசைமாவைத் தொட்டே புளித்ததா என்று சொல்கிற பாட்டியின் விரல் மாதிரி. 1937ல் வந்த ரோலைஃப்ளெக்ஸ் ஆட்டோமாட் மாடலிலேயே இது இருக்கிறது. என்னிடம் இன்று வரை ஒரு ரோல்கூட இடம் தப்பி நின்றதில்லை.

கைப்பிடியை முன்னால் சுற்றினால் ஃபிலிம் நகரும், பின்னால் கொண்டுவந்தால் ஷட்டர் தயாராகும். அந்தப் பின்சுற்றில் கைக்குத் தெரிகிற ஒரு மெல்லிய இழுவை இருக்கிறது. எழுதிக் காட்ட வரவில்லை. வாருங்கள், தருகிறேன், சுற்றிப் பாருங்கள்.

மேட்டுப்பாளையத்து_எதிர்க்கட்சி | ஜூன் 15, காலை 11:15

எல்லாரும் உருகுகிறீர்கள், நடுவில் வந்து தண்ணீர் ஊற்றுவதற்கு மன்னிக்கவும்.

கனம் என்றால் தரமா? என்னிடம் ஒரு ஜெனிட் இருக்கிறது, சோவியத் கேமரா. தெருநாய் துரத்தினால் அதுதான் ஆயுதம். ஆனால் ஃபிலிம் சுற்றினால் மணல் அரைக்கிற சத்தம். செங்கல்லும்தான் கனம்.

இரண்டாவது, நம் ஊர் வீட்டு ஆல்பங்களை யாராவது திறந்து பாருங்கள். காதுகுத்து, மொட்டை, பொட்டானிக்கல் கார்டனில் வரிசையாக நிற்கிற சித்தப்பா பெரியப்பா, இதையெல்லாம் எடுத்தது விலையுயர்ந்த ஜெர்மன் லைக்காவா? ஆக்ஃபா கிளிக் த்ரீ. பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் செய்தது. பிளாஸ்டிக் உடம்பு. வெயிலா மேகமா, அவ்வளவுதான் கேள்வி. 120 ஃபிலிமில் 12 படம். எங்கள் வீட்டில் இருந்தது மூன்று தடவை மாடியிலிருந்து விழுந்தும் படம் எடுத்தது. அதைச் செய்தவனுக்குக் கைத்திறன் இல்லையா? உங்கள் ரோலைஃப்ளெக்ஸ் ஒரு தடவை விழுந்து பார்க்கட்டும்.

வாட்ச்கடை_மகன் | ஜூன் 15, மதியம் 2:05

ஜெனிட் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. கிளிக் த்ரீ விஷயத்திலும் பாதி சரி. அது கெடுவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை, அதனால் கெடவில்லை. அதுவும் ஒரு சாமர்த்தியம்தான், மறுக்க மாட்டேன்.

ஆனால் கனத்தைப் பற்றி நான் பேசவே இல்லை. எங்கள் அப்பா மலையில் நாற்பது வருஷத்துக்கு மேலாக வாட்ச் பார்க்கிறார். கேமராவும் பார்ப்பார், ஏனென்றால் உள்ளே இரண்டும் ஒன்றுதான். காம்பூர் வகை ஷட்டரில் வேகத்தை ஒரு விநாடியில் வைத்து அழுத்தினால் 'ஸ்ர்ர்ர்' என்று ஒரு சத்தம் கேட்கும். அது கடிகார வண்டிதான். சின்னப் பல்சக்கரங்கள் வரிசையாக ஓடி, கடைசியில் ஒரு நங்கூரம் போன்ற துண்டு அசைந்து அசைந்து ஓட்டத்தைத் தடுக்கும். அந்தத் தாமதம்தான் ஒரு விநாடி. மியூனிக்கில் டெக்கல் கம்பெனி 1912லிருந்து இதைச் செய்தது. மைசூரில் சரியாக ஓடுகிற ஷட்டர் ஊட்டியில் ஜனவரிக் காலையில் ஒரு விநாடியை மூன்று விநாடியாக இழுக்கும். பழைய எண்ணெய் குளிரில் கெட்டிப்படுவதுதான் காரணம்.

அப்பா ஒரு கேமராவை நல்ல வேலை என்று சொல்வதற்கு வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று: இதைச் செய்தவன், பின்னால் இன்னொருவன் இதைத் திறப்பான் என்று நினைத்துச் செய்தானா? பசை போட்டு ஒட்டினானா, திருகு போட்டானா? திருகின் பிளவு நேராக, ஆழமாக வெட்டியிருக்கிறதா? ஒன்றைக் கழற்ற ஒன்பதைக் கழற்ற வேண்டுமா? பழைய லைக்காவில் லென்ஸ் வளையத்துக்கு அடியில் தாளைவிட மெல்லிய தகடுகள் இருக்கும். ஒவ்வொரு உடம்புக்கும் தனியாக அளந்து போட்டது. கழற்றும்போது அதை வரிசை மாறாமல் எடுத்து வைக்காவிட்டால் அப்பா தலையில் கொட்டுவார். சின்ன வயதில் வாங்கியிருக்கிறேன்.

அபூர்வம் என்று பார்த்தால் அவர் மேசைக்கு ஒரே ஒரு தடவை ஆல்பா வந்தது. சுவிஸ் கேமரா. செய்தவர்கள் பின்யோன் என்ற கம்பெனி. பிரெஞ்சில் அந்தப் பெயருக்கே சிறு பல்சக்கரம் என்றுதான் அர்த்தம். கடிகாரங்களுக்குப் பல்சக்கரம் செய்துகொண்டிருந்தவர்கள் கேமரா செய்யப் போனார்கள். அப்பா அன்றைக்கு மதியம் சாப்பிடவில்லை. வேலை என்னவோ பத்து நிமிஷ வேலைதான்.

மேட்டுப்பாளையத்து_எதிர்க்கட்சி | ஜூன் 15, மதியம் 2:40

திறப்பான் என்று நினைத்துச் செய்தது. சரி, இது நல்ல வாதம். யோசிக்கிறேன். ஜெனிட்டை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், கிளிக் த்ரீயை விட மாட்டேன்.

கோடை_குறிஞ்சி | ஜூன் 15, இரவு 8:22

கொடைக்கானலிலிருந்து. லைக்கா பேச்சு வந்ததால் என் அசட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஆறு வருஷம் முன்பு ஒரு வியாபாரியிடம் 'தங்க லைக்கா' வாங்கினேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஜெர்மன் விமானப்படை முத்திரை, கழுகு, எல்லாம் செதுக்கியிருந்தது. பளபளவென்று பித்தளை. கொடுத்த பணத்தை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து, விவரம் தெரிந்த ஒருவர் லென்ஸைக் கழற்றச் சொன்னார். உள்ளே மேற்பக்கம் ஒரு சின்னக் கை நீட்டிக்கொண்டிருக்கும், லென்ஸின் அசைவைத் தூரம் பார்க்கும் ரேஞ்ச்ஃபைண்டருக்குச் சொல்வதற்கு. லைக்காவில் அதன் நுனியில் ஒரு குட்டி உருளை இருக்கும். என்னுடையதில் ஆப்பு மாதிரி ஒரு மொட்டைத் துண்டு. "ஃபெட் அல்லது ஜோர்க்கி, தம்பி" என்றார். சோவியத் கேமராவைச் சுரண்டி, பொன்வேஷம் போட்டு விற்றிருக்கிறார்கள்.

அழுகை வந்தது. அப்புறம் ஃபெட்டின் கதையைப் படித்தேன். 1934லிருந்து கார்கிவ் நகரில், வீடில்லாத பிள்ளைகளுக்காக நடத்திய ஒரு கம்யூனில், அந்தப் பிள்ளைகளே லைக்காவைப் பார்த்துப் பார்த்துச் செய்தார்களாம். ஆக என் கேமராவில் குற்றம் சோவியத்காரர்களுடையது அல்ல, கழுகு செதுக்கியவனுடையது. இப்போதும் அதில் படம் எடுக்கிறேன். அந்த ஆப்புத் துண்டு லென்ஸில் உரசுகிற சத்தம் ஃபோகஸ் செய்யும்போதெல்லாம் கேட்கும். உருளை இருந்தால் கேட்காது. ஒரு குட்டி உருளை போட்டவனுக்கும் போடாதவனுக்கும் உள்ள தூரம் அவ்வளவுதான், ஆனால் ஒவ்வொரு தடவையும் விரலில் தெரிகிறது.

வெலிங்டன்_ரிட்டயர்டு | ஜூன் 16, காலை 5:30

தம்பி, வருத்தப்படாதீர்கள். உண்மையான லைக்கா வைத்திருந்தாலும் அசட்டுத்தனம் செய்யலாம். நான் செய்தேன்.

என்னுடையது எம்3. 1954ல் வந்த மாடல். இதன் வ்யூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கும் ஜன்னல்) 0.91 மடங்கு, அதாவது கண்ணால் பார்க்கும் அளவுக்குக் கிட்டத்தட்ட சமம். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துப் பார்க்கலாம். காற்றில் ஒரு வெள்ளைக் கோட்டுச் சட்டம் மிதக்கிற மாதிரி இருக்கும். அதற்கு அப்புறம் எத்தனையோ கேமராவில் கண்ணை வைத்தேன், அந்தத் தெளிவு வரவில்லை.

லேம்ஸ் ராக்கில் ஒரு நாள் கேமராவைக் கல்மேல் வைத்துவிட்டு ஃப்ளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். லென்ஸுக்கு மூடி போடவில்லை. மேகம் விலகி வெயில் நேராக அடித்தது. இதில் ஷட்டர் திரை ரப்பர் பூசிய துணி. பூதக்கண்ணாடியால் காகிதம் எரிப்போமே, அதேதான். குண்டூசி முனை அளவு ஓட்டை. அந்த ரோல் முழுவதும் ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் வெள்ளைப் புள்ளி. பேரனின் நெற்றியில் சரியாக விழுந்த படம் ஒன்று உண்டு, திருநீறு வைத்த மாதிரி.

இந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான் லைக்காவுக்குப் போட்டியான கான்டாக்ஸ்காரன் திரையைப் பித்தளைப் பட்டைகளால் செய்தான், கடை ஷட்டர் மாதிரி. வெயில் ஒன்றும் செய்யாது. ஆனால் அந்தப் பட்டைகளைத் தாங்குவது பட்டு நாடா. அது அறும். எங்கேயாவது ஒரு இடத்தில் துணி வந்துதான் தீருகிறது.

இந்துநகர்_இருட்டறை | ஜூன் 16, மாலை 6:10

பெட்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். உள்ளே ஓடுவதை யாரும் சொல்லவில்லை. அதுவும் ஊட்டியில் உட்கார்ந்துகொண்டு!

நான் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸில் வேலை பார்த்தவன். 1960ல் தொடங்கிய கம்பெனி, 1967ல் உற்பத்தி, பிரான்ஸின் போஷே கம்பெனியின் தொழில்நுட்பம். ஃபிலிமின் பெயர் இந்து. எங்கள் குடியிருப்புக்கும் அதே பெயர். தூசி இல்லாத காற்று, குளிர், இதற்காகத்தான் மலைக்கு மேலே கொண்டுவந்தார்கள்.

அகலமான ஃபிலிம் தளத்தின் மேல் எமல்ஷன் (ஒளியை உணரும் பூச்சு) பூசுவது முழு இருட்டில். எக்ஸ்ரே ஃபிலிமுக்கும் பிரிண்ட் பேப்பருக்கும் மங்கலான விளக்கு வைத்துக்கொள்ளலாம். எல்லா நிறத்துக்கும் மசிகிற ஃபிலிமுக்கு அதுவும் ஆகாது. புதிதாகச் சேர்ந்தவன் முதல் வாரம் சுவரைத் தடவிக்கொண்டே நடப்பான். எதிரில் யாராவது வந்தால் மோதாமல் இருக்கக் குரல் கொடுத்துக்கொண்டே போவோம். ஒரு மாதத்தில் காலடிச் சத்தத்திலேயே ஆள் தெரிந்துவிடும். ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால் ஊட்டி மூட்டம்கூடக் கண்ணைக் கூசும்.

தளத்துக்கு மேல் ஜெலட்டின், அதில் வெள்ளி உப்பு. தடிமன் ஒரு இடத்தில் கூடி ஒரு இடத்தில் குறைந்தால் வானம் திட்டுத்திட்டாக வரும். உங்கள் ரோலைஃப்ளெக்ஸ் உருளைக்கு உள்ள உணர்ச்சி எங்கள் ஆட்களின் கைக்கும் இருந்தது, அதைச் சொல்லத்தான் வந்தேன். இப்போது அந்த இடம் மூடிக் கிடக்கிறது. கடைசி இந்து ரோல் ஒன்று என்னிடம் இருக்கிறது. பிரிக்கவில்லை.

லவ்டேல்_டீச்சர் | ஜூன் 16, இரவு 7:45

ஐயா, என் முதல் ரோல் இந்துதான். பள்ளிக் கழிவறையில் கழுவினேன். சமவெளியில் இருக்கிறவர்கள் டெவலப்பரை 20 டிகிரிக்குக் கொண்டுவர ஐஸ் போடுவார்கள். நாங்கள் டிசம்பரில் வெந்நீர் கலப்போம். உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன்.

கேத்திக்காரன் | ஜூன் 17, காலை 8:05

எல்லாருக்கும் நன்றி. நடுவில் ஒரு கேள்வி. லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள் தெரிகின்றன. பூஞ்சையா? அரிசி டப்பாவில் போட்டு வைக்கச் சொல்கிறார்கள்.

வாட்ச்கடை_மகன் | ஜூன் 17, காலை 8:30

பூஞ்சைதான். அரிசி டப்பா வேண்டாம், தவிட்டுத் தூசிதான் உள்ளே போகும். முதலில் அந்தத் தோல் உறையிலிருந்து வெளியே எடுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். நம் ஊர் மூட்டத்துக்கு அதைவிட நல்ல பூஞ்சைத் தொட்டில் கிடையாது. மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ஈரம் ஏறிய ஜெல்லை வாணலியில் மெல்லிய சூட்டில் காயவைத்தால் திரும்பப் பயன்படுத்தலாம், வீட்டில் சண்டை வந்தால் நான் பொறுப்பல்ல.

அதிக நாள் விட்டால் கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும். சனிக்கிழமை கடைக்குக் கொண்டுவாருங்கள். அப்பாவிடம் சொல்லி வைக்கிறேன்.

கேத்திக்காரன் | ஜூன் 21, இரவு 9:50

போய்வந்தேன். பெரியவர் கேமராவைக் கையில் வாங்கியதும் ஒன்றும் பேசவில்லை. கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு, எல்லாத் திருகுத் தலைகளையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "ஒரு தடவை திறந்திருக்கிறார்கள். தெரிந்தவன்தான் திறந்திருக்கிறான்" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஒரு திருகைக் காட்டினார். பிளவின் ஓரத்தில் கறுப்புப் பூச்சு முடி அளவு போயிருந்தது, ஆனால் பிளவு மழுங்கவில்லை. அளவான ஸ்க்ரூடிரைவர் போட்டவன் என்று அர்த்தமாம்.

லென்ஸின் முன்பாகத்தைக் கழற்றினார். பூஞ்சை உள்கண்ணாடியின் ஓரத்தில்தான், துடைத்ததும் போய்விட்டது. பூச்சில் லேசான தடம் இருக்கிறது, படத்தில் தெரியாது என்றார். ஷட்டரின் கடிகார வண்டியைக் கழற்றி வெள்ளை பெட்ரோலில் அலசினார். ஊசி நுனியில் எண்ணெய் தொட்டு வைத்தார். அவ்வளவுதான், துளிகூட இல்லை, நுனியில் ஒட்டியது மட்டும். பிறகு ஒரு விநாடி வைத்து அழுத்தினார். 'ஸ்ர்ர்ர்'. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொரு தடவை அழுத்தினார்.

மேல்மூடியைத் திறந்தபோதுதான் அதைக் காட்டினார். மூடியின் உட்பக்கம் ஊசியால் கீறிய எழுத்து: 11-3-71. கீழே புரியாத ஒரு கையெழுத்துச் சுழி. வாட்ச்காரர்கள் மூடிக்குள் இப்படித் தேதி போடுவது வழக்கமாம். யார், எந்த ஊர் என்று தெரியாது.

பெரியவர் அதற்குக் கீழே 21-6 என்று கீறி, வருஷத்தையும் போட்டு, ஊதிவிட்டு மூடினார். முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

மேட்டுப்பாளையத்து_எதிர்க்கட்சி | ஜூன் 21, இரவு 10:04

கிளிக் த்ரீக்கும் தேதி போடுவாரா?

வாட்ச்கடை_மகன் | ஜூன் 21, இரவு 10:12

கேட்டேன். "கொண்டுவரச் சொல்லு, உள்ளே இடம் இருக்கிறதா பார்ப்போம்" என்கிறார். ஞாயிறு மதியம் ஒரு மணிக்குக் கடை சாத்திவிடுவோம், காலை ரயிலிலேயே ஏறிவிடுங்கள். குடை எடுத்து வாருங்கள், இங்கே இரண்டு நாளாக விடவில்லை.